ஃபீஸ் கம்பெனி கட்டும், பாண்ட் யார் கட்டுவது? அமெரிக்க லாரிப் பயிற்சியின் மறுபக்கம்

இன்ஸ்டாகிராமில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு ரீல்ஸ். வீடு மாதிரி கேபின், உள்ளே கட்டில், ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ். வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் வரை நேரான சாலை. பின்னணியில் ஒரு குரல்: "அமெரிக்காவுல டிரக் ஓட்டினா மாசம் நாலு லட்சம். டிரெய்னிங்குக்குக்கூட பைசா செலவில்லை, கம்பெனியே கட்டிடும்." கீழே வரிசையாக ஒரே கேள்விதான்: "அண்ணா, எப்படி அப்ளை பண்றது?"

அந்த ரீல்ஸில் பொய் இல்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024 மே கணக்குப்படி, கனரக லாரி ஓட்டுநர்களின் நடுமட்ட ஆண்டுச் சம்பளம் 57,440 டாலர். ரூபாய்க்கு மாற்றினால் மாதம் ஏறத்தாழ நாலு லட்சம் வரும். ஆனால் செலவும் அங்கே டாலரில்தான். பயிற்சிக் கட்டணத்தைக் கம்பெனி கட்டும் என்பதும் உண்மைதான். பெரிய டிரக் நிறுவனங்கள் பல ஆண்டுகளாக இதைச் செய்கின்றன.

ஆனால் அது பாதிக் கதை. ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்கு முன் கையெழுத்துப் போட வேண்டிய ஒரு காகிதம் இருக்கிறது. கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வாகி ஐ.டி. கம்பெனியில் சேர்ந்த யாருக்கும் அந்தக் காகிதம் புதிதல்ல. இங்கே அதன் பெயர் 'பாண்ட்'.

கம்பெனி பணம் கட்டிப் பயிற்சி கொடுப்பதில் தப்பே இல்லை. கையில் காசு இல்லாதவருக்கு அது நல்ல வழிதான். கட்டிய பணத்தைக் கம்பெனி எப்படித் திரும்ப எடுக்கிறது என்பதில்தான் நியாயமும் அநியாயமும் பிரிகின்றன.

லைசென்ஸ் வாங்க என்ன வேண்டும்?

அமெரிக்காவில் பெரிய டிரெய்லர் லாரி ஓட்ட சாதாரண கார் லைசென்ஸ் போதாது. 'கமர்ஷியல் டிரைவர்ஸ் லைசென்ஸ்', சுருக்கமாக சி.டி.எல். வேண்டும். அதில் 'ஏ கிளாஸ்' என்பது 26,001 பவுண்டு, அதாவது சுமார் 11.8 டன், அதற்கு மேல் எடை கொண்ட டிரெய்லர் வகை வண்டிகளுக்கானது. சொந்த மாநிலத்துக்குள் மட்டும் ஓட்ட 18 வயது, மாநிலம் விட்டு மாநிலம் ஓட்ட 21 வயது ஆகியிருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை உண்டு. போதைப்பொருள் சோதனையில் சிக்கியவர்களின் விவரம் 2020 முதல் தேசிய அளவில் ஒரே பதிவேட்டில் இருக்கிறது. ஒரு கம்பெனியில் மாட்டிக்கொண்டு இன்னொன்றில் மறைத்துச் சேர முடியாது.

முதலில் எழுத்துத் தேர்வு எழுதி எல்.எல்.ஆர். போன்ற ஒரு பர்மிட் வாங்க வேண்டும். அது கைக்கு வந்து 14 நாள் கழித்துத்தான் ஓட்டும் தேர்வு. தேர்வு மூன்று கட்டம். வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு பாகத்தையும் சோதித்துக் காட்டுவது முதல் கட்டம். டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது, நிறுத்துவது இரண்டாவது. சாலையில் ஓட்டிக் காட்டுவது மூன்றாவது.

2022 பிப்ரவரி 7 முதல் இன்னொரு விதியும் சேர்ந்தது. புதிதாக சி.டி.எல். எடுப்பவர், அரசுப் பதிவேட்டில் உள்ள பயிற்சி நிலையத்தில் படித்த பிறகே ஓட்டும் தேர்வுக்குப் போக முடியும். தெரிந்த அண்ணனிடம் வண்டி வாங்கிப் பழகி, நேராகத் தேர்வுக்குப் போகும் வழி அடைபட்டது. ஆனால் அந்த விதி, இத்தனை மணி நேரம் ஸ்டியரிங் பிடித்திருக்க வேண்டும் என்று குறைந்தபட்சக் கணக்கு எதையும் சொல்லவில்லை. பயிற்சியாளர் "தேறிவிட்டார்" என்று சான்று கொடுத்தால் போதும். அதனால்தான் மூன்று வாரத்தில் முடித்துவிடும் பள்ளிகளும் இருக்கின்றன, மாதக்கணக்கில் சொல்லித்தரும் கல்லூரிகளும் இருக்கின்றன.

தனியார் பள்ளிகளில் கட்டணம் சில ஆயிரம் டாலர் ஆகும். படிக்கும் வாரங்களில் சம்பளம் கிடையாது. வாடகையும் சாப்பாட்டுச் செலவும் நிற்காது. வேலை போய், சேமிப்பும் கரைந்து, புதுத் தொழில் தேடும் ஒருவருக்கு இந்தத் தொகையே பெரிய தடை. அந்த இடத்தில்தான் கம்பெனி வருகிறது: "நீ காசு கட்ட வேண்டாம், நாங்க பாத்துக்கிறோம்."

'நாங்க பாத்துக்கிறோம்' என்றால் என்ன?

பெரும்பாலும் மூன்று வழிகள். ஒன்று, கம்பெனியே சொந்தப் பள்ளி நடத்துகிறது. இரண்டு, வெளிப் பள்ளியில் சேர்த்துவிட்டுக் கட்டணத்தைக் கட்டுகிறது. மூன்று, ஓட்டுநர் முதலில் தன் காசில் படித்துவிட்டு வேலைக்குச் சேர்கிறார், கம்பெனி மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருகிறது. மூன்றாவது வழியில் ரிஸ்க் ஓட்டுநருடையது. ஆனால் இடையில் விலகினால் கடன் எதுவும் துரத்தாது, மீதித் தவணை வராது, அவ்வளவுதான்.

முதல் இரண்டு வழிகளிலும் ஒப்பந்தம் உண்டு. பொதுவாக ஒரு வருடம் அந்தக் கம்பெனிக்கே ஓட்ட வேண்டும். முன்னாடியே விலகினால் பயிற்சிச் செலவு கடனாக மாறும். சில இடங்களில் மாதம் ஆக ஆகக் கடன் குறைந்துகொண்டே வரும். சில இடங்களில் பத்தாவது மாதம் விலகினாலும் முழுத் தொகை. சில கம்பெனிகள் வாராவாரம் சம்பளத்திலேயே பிடிக்கின்றன. ஒப்பந்தத்தில் இருக்கும் ஓட்டுநரைப் போட்டிக் கம்பெனி எடுத்துக்கொண்டால், அந்தக் கம்பெனி மீதே வழக்குப் போட்டவர்களும் உண்டு.

லைசென்ஸ் வாங்கியதும் தனியாக வண்டி கொடுத்துவிட மாட்டார்கள். அனுபவமுள்ள ஒரு ஓட்டுநருடன் அதே லாரியில் சில வாரங்கள் ஓட வேண்டும். ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் பின்னால் கட்டிலில் தூங்குவார். இந்தக் காலத்துச் சம்பளம், தனியாக ஓட்டுபவருக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. வேலை மட்டும் குறைவில்லை.

நாமக்கல், சங்ககிரி பக்கம் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். கிளீனராக ஏறி, வண்டி துடைத்து, டயர் மாட்டி, தார்ப்பாய் கட்டி, டிரைவர் அண்ணன் மனசு வைக்கும் ராத்திரியில் காலியான பைபாஸில் ஸ்டியரிங் பிடித்துப் பழகியவர்கள்தான் அங்கே ஒரு தலைமுறையே. அதுவும் வேலை செய்துகொண்டே கற்றுக்கொள்ளும் பயிற்சிதான். ஆனால் அங்கே காகிதம் இல்லை. பிடிக்கவில்லை என்றால் அடுத்த டிரிப்புக்கு வேறு வண்டி ஏறலாம். அமெரிக்கக் கம்பெனி அதே பயிற்சிக்கு ஒரு விலையைப் போட்டு ஒப்பந்தத்தில் எழுதிவிடுகிறது.

ஆள் பற்றாக்குறையா, ஆள் தங்காததா?

கம்பெனிகள் ஏன் இவ்வளவு செலவு செய்து ஆட்களைச் சேர்க்கின்றன? "ஓட்டுநர் பற்றாக்குறை" என்பது அமெரிக்க டிரக் நிறுவனங்களின் சங்கம் பல ஆண்டுகளாகச் சொல்லும் பதில். ஆனால் அதே சங்கம் வெளியிட்ட கணக்கில், 2010களில் பல ஆண்டுகள், பெரிய நெடுந்தூர நிறுவனங்களில் ஆள் மாறும் விகிதம் ஆண்டுக்கு 90 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அதாவது 100 ஓட்டுநர் வேலை இருந்தால், ஒரு வருடத்தில் சுமார் 90 முறை புது ஆள் போட வேண்டிவந்தது. ஒரே இருக்கை இரண்டு மூன்று முறை காலியாவதும் இதில் சேரும்.

2019இல் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை இதையே கேட்டது: லாரி ஓட்டுநர் சந்தை உண்மையிலேயே பழுதடைந்துவிட்டதா? மற்றத் தொழில்களைப் போலத்தான் இதுவும் இயங்குகிறது, சம்பளம் ஏறினால் ஆட்கள் வருவார்கள் என்பதே அதன் முடிவு.

விலகுவதற்கான காரணங்களும் ரகசியமல்ல. நெடுந்தூர ஓட்டுநருக்குப் பெரும்பாலும் மைல் கணக்கில்தான் சம்பளம். சக்கரம் சுற்றினால் காசு, நின்றால் இல்லை. லோடு ஏற்ற, இறக்க குடோன் வாசலில் மணிக்கணக்கில் காத்திருக்கும் நேரத்துக்குப் பல இடங்களில் காசு வராது, வந்தாலும் சொற்பம். மத்திய அரசின் விதிப்படி ஒரு ஷிஃப்டில் 11 மணி நேரம் வரை ஓட்டலாம். ஆனால் வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டும். குடோன் வாசலில் காத்திருந்தாலும் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் ஒன்றரை மடங்கு சம்பளம் என்ற மத்தியச் சட்டம், மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் லாரி ஓட்டுநர்களுக்குப் பொருந்தாது. வீட்டுக்குப் போவது இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை.

குடம் ஓட்டை என்றால் ஓட்டையை அடைக்க வேண்டும். பயிற்சிக் கடன் என்ன செய்கிறது என்றால், தண்ணீர் ஒழுகினால் தண்ணீருக்கே அபராதம் போடுகிறது. புது ஆள் விலக நினைப்பது பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான். அந்த மாதங்களில் விலகினால் கடன் என்று பயமுறுத்தி உட்கார வைத்துவிட்டால், காத்திருப்பு நேரத்துக்குக் காசு கொடுப்பது, வீட்டுக்கு அனுப்புவது போன்ற செலவுள்ள மாற்றங்களைத் தள்ளிப்போடலாம். ஒப்பந்தம் முடிந்ததும் அவர் போனால் அடுத்த பேட்ச் தயாராக இருக்கும்.

நீதிமன்றம் வரை போன ஒரு கணக்கு

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 15இல் தீர்ப்பளித்த 'நியூ பிரைம்' வழக்கு இதற்கு நல்ல உதாரணம். வழக்குப் போட்டவர் அந்தக் கம்பெனியின் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்த ஒரு ஓட்டுநர். பயிற்சியின் முதல் கட்டத்தில் 10,000 மைல் சம்பளம் இல்லாமல் ஓட்டியதாக அவர் சொன்னார். பிறகு 'சுயதொழில் ஒப்பந்தக்காரர்' என்ற பெயரில் கம்பெனியிடமே லாரியைக் குத்தகைக்கு எடுக்க வைத்து, குத்தகை, டீசல் என்று பிடித்தம் செய்ததில் கைக்கு வந்தது மிகக் குறைவு என்பது அவரது புகார்.

இதை நீதிமன்றத்தில் கேட்கவே முடியாது, ஒப்பந்தப்படி தனியார் நடுவரிடம் தனித்தனியாகத்தான் போக வேண்டும் என்று கம்பெனி வாதிட்டது. எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக ஓட்டுநர் பக்கம் நின்றார்கள். போக்குவரத்துத் தொழிலாளர்களுக்குச் சட்டம் தந்த விலக்கு, 'ஒப்பந்தக்காரர்' என்று பெயர் சூட்டப்பட்டவர்களுக்கும் பொருந்தும் என்றது தீர்ப்பு. அதன்பின் 2020இல், 2.8 கோடி டாலர் தருவதாகச் சொல்லிக் கம்பெனி சமரசம் செய்துகொண்டது.

வேலையை விட்டால் பயிற்சிக் காசைக் கட்டு என்ற ஒப்பந்தங்கள் லாரித் துறையில் மட்டும் இல்லை. செவிலியர்கள் முதல் விமானிகள் வரை இருக்கிறது. அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2022இல் இதுபற்றித் தகவல் திரட்டத் தொடங்கியது. கலிபோர்னியா மாநிலம் 2025இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2026 ஜனவரி 1 முதல் போடப்படும் ஒப்பந்தங்களில் இப்படிப்பட்ட நிபந்தனைகளுக்கு அங்கே தடை. அங்கீகரிக்கப்பட்ட தொழிற்பழகுநர் திட்டங்கள் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு.

கம்பெனி பக்கம் நியாயமே இல்லையா?

இருக்கிறது. பயிற்சிக்குச் செலவு செய்து, லைசென்ஸ் வாங்கிக் கொடுத்த மறுவாரமே பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விட்டால் நஷ்டம் யாருக்கு? பயிற்சிக்கே செலவு செய்யாத போட்டியாளர் நூறு டாலர் கூடுதலாகக் காட்டி ஆளைத் தூக்கிவிடலாம். அப்படி நடந்துகொண்டே இருந்தால் யாரும் பயிற்சி கொடுக்க மாட்டார்கள். கடைசியில் நஷ்டப்படுவது கையில் காசில்லாமல் தொழிலுக்கு வர நினைப்பவர்தான்.

நம் உச்ச நீதிமன்றமும் இந்த வாதத்தை ஏற்றிருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் தீர்ப்பு வந்தது. விலகியவர் வேறு வங்கியில் வேலை பார்ப்பதை அது தடுக்கவில்லை, திடீர் விலகலால் வரும் செலவை ஈடுகட்டுகிறது என்பதே அடிப்படை. அதே நேரம் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, காகிதத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்கிறது. 5 லட்சம் என்று எழுதிவிட்டால் 5 லட்சமும் வசூலாகிவிடும் என்று அர்த்தமில்லை.

எனவே எல்லா பாண்டையும் ஒழி என்பது தீர்வல்ல. நியாயமான பாண்ட் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அளவுகோல் வேண்டும். அது ஐந்து விஷயம்.

ஒன்று, கடன் தொகை பயிற்சிக்கு உண்மையில் ஆன செலவாக இருக்க வேண்டும். வெளிப் பள்ளியில் அதே பயிற்சி பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால், மீதிப் பாதி பயிற்சிக் கட்டணம் அல்ல, அபராதம்.

இரண்டு, வேலை செய்த ஒவ்வொரு மாதத்துக்கும் கடன் குறைய வேண்டும். பதினோரு மாதம் ஓட்டியவரிடம் முழுத் தொகை கேட்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

மூன்று, கம்பெனியே வேலையை விட்டு நிறுத்தினால் கடன் ரத்தாக வேண்டும். லோடு இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு "ஒப்பந்தத்தை முடிக்கலையே" என்று பில் அனுப்பக் கூடாது.

நான்கு, பயிற்சியாளருடன் ஓடும் வாரங்களிலும் சம்பளம் வேண்டும். அவர் ஓட்டும் மைலுக்குக் கம்பெனி வாடகை வாங்குகிறது. கற்றுக்கொள்பவர் என்பதற்காக உழைப்பு இலவசமாகிவிடாது.

ஐந்து, லைசென்ஸ் முழுமையானதாக இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் லாரியில் தேர்வு எழுதினால், மேனுவல் கியர் வண்டி ஓட்ட முடியாது என்ற கட்டுப்பாடு சி.டி.எல்.லில் பதிவாகும். கம்பெனி வண்டிகள் ஆட்டோமேட்டிக் என்றால் அங்கே பிரச்சினை தெரியாது. வெளியே போகும்போதுதான் தெரியும்.

இந்த ஐந்தில் நான்காவது தேறினால் கம்பெனி பயிற்சி நல்ல வாய்ப்பு. இரண்டுகூடத் தேறவில்லை என்றால், அரசு வேலைவாய்ப்பு மானியத்தில் கம்யூனிட்டி கல்லூரியில் படிக்க முடியுமா என்று பார்ப்பது புத்திசாலித்தனம். அமெரிக்காவில் வேலை இழந்தவர்களுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் அந்த வழி இருக்கிறது, அதில் கம்பெனிக் கடன் கிடையாது.

ரீல்ஸ் பார்த்து இங்கிருந்து போகலாமா?

இந்தத் திட்டங்கள் அமெரிக்காவில் வேலை செய்யும் உரிமை ஏற்கெனவே உள்ளவர்களுக்கானவை. லாரிக் கம்பெனி பயிற்சி தருகிறது என்பதால் விசா கிடைத்துவிடாது. போதாததற்கு, வணிக லாரி ஓட்டுநர்களுக்கான வேலை விசாக்களை வழங்குவதை நிறுத்திவைப்பதாக அமெரிக்க அரசு 2025 ஆகஸ்டில் அறிவித்தது. "கம்பெனி டிரெய்னிங், விசா, எல்லாம் சேர்த்து இவ்வளவு லட்சம் கட்டுங்க" என்று யாராவது சொன்னால், 'இலவசப் பயிற்சி'க்கு எதற்குக் காசு என்ற ஒரு கேள்வியே போதும்.

நாமக்கல்லுக்கு இதில் என்ன பாடம்?

இந்தியாவில் இன்னும் இந்த நிலை வரவில்லை. லாரி ஓட்ட 20 வயது நிரம்பியிருக்க வேண்டும், கார் போன்ற இலகுரக வாகன லைசென்ஸ் எடுத்து ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். பயிற்சிக் கட்டணம் பெரும்பாலும் ஓட்டுநர் பாக்கெட்டிலிருந்துதான் போகிறது. நாமக்கல்லில் அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஆனால் கிளீனராக ஏறும் பையன்கள் குறைந்துவிட்டார்கள். லாரி ஓட்டிய அப்பாக்களே "என் பையன் இந்தத் தொழிலுக்கு வேண்டாம்" என்கிறார்கள். பழைய பயிற்சிப் பாதை மூடிக்கொண்டிருக்கிறது.

மத்திய அரசு 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் ஏ.சி. கேபினைக் கட்டாயமாக்கியது நல்ல தொடக்கம். ஆனால் கேபின் குளிர்ந்தால் மட்டும் ஆள் வந்துவிடாது. ஆள் வேண்டுமானால் பயிற்சிச் செலவை முதலாளிகள் ஏற்க வேண்டிய நாள் வரும். வரட்டும், நல்லதுதான். அன்றைக்கு அமெரிக்காவின் ஒப்பந்தக் காகிதத்தை அப்படியே நகல் எடுக்காமல் இருக்க வேண்டும். பயிற்சிக்கான பணத்தோடு, லோடு இறக்கக் காத்திருக்கும் நேரத்துக்கான பேட்டாவும், மாதத்தில் வீட்டில் இருக்கும் நாட்களும் அதே காகிதத்தில் எழுதப்பட வேண்டும். அப்படி எழுதினால் பாண்டுக்கு அவ்வளவாக வேலை இருக்காது.

அதுவரை, அமெரிக்காவில் லாரிக் கம்பெனியில் சேரும் தம்பிக்கும் சென்னையில் ஐ.டி. கம்பெனியில் சேரும் தங்கைக்கும் ஒரே அறிவுரைதான். ஆஃபர் லெட்டரில் சம்பளம் எழுதியிருக்கும் பக்கத்தை எல்லோரும் படிக்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன், "மூணாவது மாசம் நான் போறேன்னா எவ்வளவு கட்டணும்? நீங்களே அனுப்பினா எவ்வளவு?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.